ஊருக்கு ஒருவர்: முல்லர் என்னும் ஜெர்மன் குடும்பப்பெயரின் தோற்றமும் பரவலும்

1. கேள்வி

நீராலை ஒன்றில் வேலைக்குச் சேரும் இளைஞன் அந்த ஆலைக்காரரின் மகள்மீது கொள்ளும் காதலைப் பாடும் கவிதைத் தொடரை வில்ஹெல்ம் முல்லர் என்ற ஜெர்மன் கவிஞர் 1821 இல் வெளியிட்டார். இரண்டாண்டுகள் கழித்து ஃபிரான்ஸ் ஷூபர்ட் அதற்கு இசையமைத்தார். முல்லர் என்ற சொல்லுக்கு ஆலைக்காரர் என்று பொருள். ஆனால் வில்ஹெல்மின் தந்தை தெசாவ் நகரத்துத் தையற்காரர். ஷூபர்ட் என்ற பெயர் காலணி செய்பவரைக் குறித்த பழஞ்சொல்லின் திரிபு. அவருடைய தந்தையோ வியன்னாவில் பள்ளி ஆசிரியர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இப்பெயர்கள் தொழிலைச் சுட்டுவதை விட்டுப் பல தலைமுறைகள் ஆகியிருந்தன என்பதற்கு இந்த ஒரு படைப்பே போதிய சான்று. ரிக் வேதத்தைப் பதிப்பித்தவர் என்று தமிழ் வாசகர்கள் அறிந்த மாக்ஸ் முல்லர் இந்தக் கவிஞரின் மகன். அவரைப் பற்றிய ஒரு செய்தி இக்கட்டுரையின் இறுதியில் வேறொரு காரணத்துக்காகத் தேவைப்படும்.

இன்று ஜெர்மனியில் மிகுதியாக வழங்கும் குடும்பப்பெயர் முல்லர். ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு இப்பெயர் உண்டு. அதற்கு அடுத்து வருபவை ஷ்மிட் (கொல்லர்), ஷ்னைடர் (தையற்காரர்), ஃபிஷர் (மீன்பிடிப்பவர்), வேபர் (நெசவாளர்), மையர் (பண்ணைக் காரியக்காரர்), வாக்னர் (வண்டி செய்பவர்), பெக்கர் (ரொட்டி சுடுபவர்), ஷுல்ஸ் (ஊர் மணியக்காரர்), ஹோஃப்மன் (பண்ணைக்கு உரியவர்). முதல் பத்தில் ஒன்றுகூடத் தந்தை பெயரிலிருந்தோ ஊர்ப்பெயரிலிருந்தோ வந்ததன்று. எல்லாமே தொழிலையோ பதவியையோ நிலத்தோடு கொண்ட உறவையோ குறிப்பவை. இந்த வரிசையைப் பார்ப்பவர்கள், இடைக்கால ஜெர்மன் நாட்டில் ஆலைக்காரர்களும் கொல்லர்களுமே மிகுதியாக இருந்தார்கள் என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுகிறார்கள். அந்த முடிவு தவறு என்பதும், அதற்கு நேர்மாறான ஒன்றே உண்மைக்கு அருகில் இருக்கிறது என்பதும் என் வாதம். ஆலைக்காரர்கள் மிகச் சிலராக இருந்ததனாலேயே முல்லர் என்ற பெயர் இவ்வளவு பெருகியது.

2. பெயர் நிலைத்த விதம்

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஜெர்மன் மொழி பேசிய மக்களுக்கு ஒற்றைப் பெயரே இருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கொலோன் போன்ற ரைன் நதி நகரங்களிலும் தெற்கே பாசல், சூரிக் பகுதிகளிலும் இரண்டாவது பெயர் ஒன்று ஆவணங்களில் அடிக்கடி தோன்றத் தொடங்குகிறது. அங்கிருந்து அடுத்த இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் வழக்கம் கிழக்கும் வடக்கும் பரவியது. காரணங்கள் பல. நகரங்கள் பெருத்தன, வரிப் பட்டியலும் சொத்து ஆவணமும் எழுதுவது பெருகியது, சொத்து பிள்ளைக்குச் செல்லும்போது உரிமையாளரை ஐயமின்றிக் குறிக்கவேண்டியிருந்தது. இவற்றோடு, ஞானஸ்நானப் பெயர்களின் தொகை சுருங்கியதையும் சேர்க்கவேண்டும். பழைய ஜெர்மானியப் பெயர்கள் பல வழக்கொழிந்து, யோஹான்னஸ், ஹைன்ரிஹ், கொன்ராட் என்ற சில பெயர்களே தெருவெங்கும் நிறைந்தன. ஒரே ஊரில் பத்து யோஹான்னஸ்கள் இருந்தால் அடையாளம் சொல்ல இன்னொரு சொல் வேண்டும்.

இந்த மாற்றம் எல்லா இடத்திலும் ஒரே காலத்தில் நிகழவில்லை. வடகடலோரம் வாழ்ந்த ஃப்ரீசிய மக்கள் தந்தை பெயரையே தலைமுறைதோறும் மாற்றிப் பயன்படுத்தி வந்தார்கள். 1811 இல் நெப்போலியனின் ஆணை வந்தபின்னரே அங்கு நிலையான குடும்பப்பெயர் கட்டாயமாயிற்று. யூதர்களுக்கு ஆஸ்திரிய ஆட்சிப் பரப்பில் 1787 இலும் பிரஷ்யாவில் 1812 இலும் அதே கட்டாயம் வந்தது. ஆகவே ஜெர்மன் குடும்பப்பெயர் என்று நாம் ஒருமையில் சொல்வது பல காலங்களின் படிவு. ஆனால் முல்லர், ஷ்மிட் போன்ற பெயர்களின் அடித்தளம் பெரும்பாலும் பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து பதினைந்தாம் நூற்றாண்டுவரையான காலத்தைச் சேர்ந்தது. அடோல்ஃப் சோசின் 1903 இல் வெளியிட்ட நூல், மேல் ரைன் பகுதியின் பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டு ஆவணங்களிலிருந்து பெயர்களைத் திரட்டித் தந்தது. கொன்ராட் குன்செ, டமாரிஸ் ந்யூப்லிங் ஆகியோர் முன்னின்று 2009 முதல் 2018 வரை ஏழு தொகுதிகளாக வெளியிட்ட ஜெர்மன் குடும்பப்பெயர் நிலப்படத் தொகுப்பு, 2005 ஆம் ஆண்டின் தொலைபேசி இணைப்புகளை அடிப்படையாகக் கொண்டு பெயர்களின் இன்றைய பரவலை வரைந்து காட்டியது. பழைய ஆவணம் தோற்றத்தைக் காட்டுகிறது. இன்றைய நிலப்படம் அத்தோற்றம் எவ்வளவு ஊன்றி நிற்கிறது என்பதைக் காட்டுகிறது. வியப்பான செய்தி, இடைக்கால வட்டாரச் சொல் எல்லைகள் இந்த நிலப்படங்களில் இன்றும் துலக்கமாகத் தெரிகின்றன என்பதே.

முல்லர் என்ற சொல்லின் வரலாறு ஐயத்துக்கு இடமில்லாதது. நீரால் சுழலும் ஆலையை ஜெர்மானியருக்கு அறிமுகப்படுத்தியவர்கள் ரோமானியர்கள். பொருளோடு சொல்லும் வந்தது. பின்னை லத்தீனில் ஆலையைக் குறித்த மொலினா, ஆலைக்காரரைக் குறித்த மொலினாரியுஸ் ஆகியவை பழைய ஜெர்மனுக்குள் புகுந்து, இடைக்கால ஜெர்மனில் மூல்னர் என்ற வடிவம் பெற்றன. லகரமும் னகரமும் அடுத்தடுத்து நின்ற இடத்தில் லகரம் இரட்டித்து முல்லர் ஆயிற்று. பவேரிய, ஆஸ்திரியப் பகுதிகளில் மூல்னர் என்ற பழைய வடிவமே இன்றும் பெயராக இருக்கிறது. வடக்கின் தாழ்நில ஜெர்மனில் மோலர், நெதர்லாந்தில் மல்டர். மனிதநேயக் கல்வி தழைத்த காலத்தில் படித்தவர்கள் சிலர் இதையே லத்தீனாக்கி மொலிட்டர் என்றும் மிலியுஸ் என்றும் வைத்துக்கொண்டார்கள்.

3. எண்ணிக்கை மிகுந்தவர் ஏன் பெயரில் இல்லை

தொழில்வழிக் குடும்பப்பெயரை மக்கள்தொகைக் கணக்கெடுப்பாக வாசிக்கும் போக்குக்கு எதிரான முதன்மைச் சான்று உழவர். இடைக்கால ஜெர்மன் சமூகத்தில் மிகப் பெரும்பாலோர் நிலத்தில் உழைத்தவர்கள். பெயர்கள் ஆட்களின் எண்ணிக்கையைப் பின்பற்றியிருந்தால், உழவர் என்று பொருள்படும் பாவர் என்ற பெயர் மற்றெல்லாப் பெயர்களையும் விஞ்சியிருக்கவேண்டும். அது முதல் பத்துக்குள்ளேயே வரவில்லை. எல்லாரும் உழுகிற ஊரில் ஒருவரை உழவர் என்று அழைத்தால் யாரைச் சொல்கிறோம் என்பது கேட்பவருக்கு விளங்காது. அதே ஊரில் ஆலைக்காரர் என்றால் ஒரே ஒருவர்தான். கொல்லர் என்றாலும் அப்படியே. பண்ணைப் பிரபுவின் சார்பில் குத்தகை வசூலித்த மையர், ஊர் வழக்கைத் தீர்த்த ஷுல்ஸ் ஆகியோரும் ஊருக்கு ஒருவரே. பட்டியலின் உச்சியில் இருக்கும் பெயர்களில் கணிசமானவை ஒற்றை ஆளைச் சுட்டும் பெயர்கள். ஆக, பெயரின் பரவலை நிர்ணயித்தது அத்தொழில் செய்தவர்களின் தொகை என்பதைவிட, அத்தொழில் ஒரே ஒருவரிடம் இருந்த ஊர்களின் தொகை என்று கொள்வதே பொருந்தும்.

பாவர் என்ற பெயரின் பரவலும் இதையே உறுதிசெய்கிறது. அது தென்கிழக்கில், குறிப்பாக பவேரியாவில் செறிந்திருக்கிறது. நிலவுடைமையின் படிநிலைகள் நுணுக்கமாகப் பெயரிடப்பட்ட பகுதி அது. ஹூபே என்ற அளவுள்ள நிலத்தை வைத்திருந்தவர் ஹூபர். மானிய நிலம் பெற்றவர் லேனர். முழுப் பண்ணை கொண்டவர் பாவர். அங்கு பாவர் என்பது தொழிலைச் சுட்டுவதைவிடத் தரத்தைச் சுட்டியது. தரம் வேறுபட்டதால் பெயரும் வேறுபடுத்தியது. கிராமத்தைவிட்டு நகரத்தில் குடியேறியவரையும் நகரத்தார் பாவர் என்று அழைத்திருக்கக்கூடும். இரண்டு சூழலிலும் அச்சொல் பெயராவதற்கு ஏதோ ஒரு வேறுபாடு தேவைப்பட்டது.

4. ஆலையும் ஆலைக்காரரும்

ஊருக்கு ஒருவர் என்ற தகுதி கொல்லருக்கும் உண்டு, மணியக்காரருக்கும் உண்டு. அப்படியிருக்க முல்லர் முந்தியதற்கு ஆலையின் தன்மையைக் கவனிக்கவேண்டும். கொல்லர் உலையைப் பெயர்த்துக்கொண்டு வேறு ஊர் போகலாம். நீராலை ஓடைக்குக் கட்டுப்பட்டது. அணை, கால்வாய், சக்கரம், அரைகல் என்று பெரும் முதலீடு அதில் புதைந்திருந்தது. அந்த முதலீடும் நீரின்மேலான உரிமையும் பெரும்பாலும் நிலப்பிரபுவுடையவை அல்லது மடாலயத்துடையவை. பல பகுதிகளில் ஆலைக்கட்டு என்ற முறை இருந்தது: குறிப்பிட்ட ஊரார் தங்கள் தானியத்தைக் குறிப்பிட்ட ஆலையில்தான் அரைக்கவேண்டும்; வேறிடம் போனால் தண்டம். ஆகவே வட்டாரத்தின் ஒவ்வொரு குடும்பமும் ஆண்டு முழுவதும் மீண்டும் மீண்டும் அந்த ஒரே மனிதரிடம் போய் நிற்கவேண்டியிருந்தது. ஊரார் அனைவரின் வாயிலும் அன்றாடம் புழங்கிய பெயர் அது. தன் தானியத்தில் எவ்வளவு மாவாகத் திரும்பிவரும் என்பது அவர் கையில் இருந்ததால் அப்பெயரோடு ஐயமும் மனக்கசப்பும் சேர்ந்தே புழங்கின.

அந்த மனக்கசப்பு சட்டத்தின் கவனத்துக்கும் வந்தது. ஆலைக்காரர்கள், லினன் நெசவாளர்கள், ஆட்டிடையர்கள், குளிப்பகம் நடத்தியவர்கள் ஆகியோரின் பிள்ளைகளைப் பல கைவினைச் சங்கங்கள் மானமற்ற தொழிலில் பிறந்தவர்கள் என்று சொல்லி விலக்கி வந்தன. 1548, 1577 ஆண்டுகளின் பேரரசுக் காவல் விதிகள் இந்த விலக்கலைத் தடுக்க முயன்றன. மறுபடி மறுபடி விதிக்கவேண்டியிருந்ததே வழக்கத்தின் வலிமையைக் காட்டுகிறது. இழிவு ஒட்டிய சொல் எப்படி இவ்வளவு பேருக்குப் பெயராகும் என்று கேட்கலாம். குடும்பப்பெயரை அதைத் தாங்குபவர் தேர்ந்தெடுக்கவில்லை என்பதே விடை. அண்டை அயலாரும் வரி எழுதியவரும் இட்ட பெயர் அது. அழைப்பவருக்கு அடையாளம் போதும். மானம் அவர் கணக்கில் இல்லை.

இடத்தோடு பிணைந்திருந்ததில் இன்னொரு விளைவும் உண்டு. வெஸ்ட்ஃபாலியாவில் ஒரு பண்ணைக்கு மருமகனாக வந்தவர் தம் பழைய பெயரை விட்டுப் பண்ணையின் பெயரை ஏற்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. பெயர் ஆளைவிட இடத்துக்கு உரியதாக இருந்த காலத்தில், ஓர் ஆலையைக் குத்தகைக்கு எடுத்த ஒவ்வொரு புதிய குடும்பமும் ஊராரால் முல்லர் என்றே அழைக்கப்பட்டிருக்கும். குத்தகை மாறிப் பழைய குடும்பம் வேறூர் சென்றபோது பெயரையும் உடன் கொண்டுபோயிருக்கும். அப்படியானால் ஒரே ஆலை, பெயர்கள் நிலைபெறுவதற்கு முன்னான தலைமுறைகளில், உறவற்ற பல குடும்பங்களுக்கு முல்லர் என்ற பெயரைத் தந்திருக்கமுடியும். இது என் ஊகம். ஆனால் அன்றைய குத்தகை முறைக்கு இசைந்த ஊகம்.

5. மூன்று மறுப்புகள்

இந்த வாதத்துக்கு எதிராக எழக்கூடிய மறுப்புகளில் வலுவானது நெசவாளர் பற்றியது. ஔக்ஸ்பர்க், உல்ம் போன்ற நகரங்களில் நெசவாளர்கள் திரளாக வாழ்ந்தார்கள். வேபர் என்ற பெயரோ நாட்டளவில் ஐந்தாவது இடத்தில் இருக்கிறது. அங்கே ஒற்றை ஆளைச் சுட்டுவது எப்படி? கிராமங்களில் நெசவு பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலையாக இருந்ததால், விற்பனைக்கு நெய்த ஆண் அங்கே தனித்துத் தெரிந்தார் என்பது ஒரு பகுதி விடை. ஆனால் அது முழு விடையாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நகரத்தில் பெயரிட்டவர் அயலார் மட்டும் அல்லர். வரிப் பட்டியல் எழுதியவரும் பெயரிட்டார். அவருக்குத் தொழில் ஒரு வசதியான தலைப்பு. அதே தலைப்பு அடுத்த தெருவிலும் வருவது அவருக்கு இடைஞ்சலாக இருக்கவில்லை. ஆகவே என் வாதம் கிராமத்தில் பிறந்த பெயர்களுக்கு முழுமையாகவும் நகரத்தில் பிறந்த பெயர்களுக்குக் குறைவாகவும் பொருந்தும். முல்லர் கிராமத்துப் பெயர்.

இரண்டாவது மறுப்பு, வசதி மிக்க ஆலைக்காரர்களுக்குப் பிள்ளைகள் மிகுதியாகப் பிழைத்திருப்பார்கள், சில குடும்பங்களே பெருகிக் கிளைத்திருக்கலாம் என்பது. பஞ்சத்திலும் மாவுக்கு அருகில் இருந்தவர் பிழைத்திருப்பார் என்பதில் நியாயம் உண்டு. ஆனால் சில மூதாதையரிடமிருந்து மட்டும் இப்பெயர் கிளைத்திருந்தால் அது சில வட்டாரங்களில் குவிந்து மற்றவற்றில் அருகியிருக்கவேண்டும். முல்லரோ நாடெங்கும் விரவியிருக்கிறது. பிரிட்டனில் டூரி கிங், மார்க் ஜோப்லிங் ஆகிய மரபியலாளர்கள் 2009 இல் வெளியிட்ட ஆய்வு இங்கே துணைநிற்கிறது: அரிய குடும்பப்பெயர் கொண்ட ஆண்களிடையே தந்தைவழி மரபணு ஒற்றுமை மிகுதியாகவும், கொல்லரைக் குறிக்கும் ஸ்மித் என்ற பெயர் கொண்டவர்களிடையே அவ்வொற்றுமை ஏறத்தாழ இல்லாமலும் இருப்பதை அது கண்டது. நாடு வேறாயினும் பெயர் பிறந்த விதம் ஒன்று. இவை ஆயிரம் இடங்களில் தனித்தனியே முளைத்த பெயர்கள்.

மூன்றாவது, இன்று முல்லர் எனப்படுவோர் எல்லாரும் ஆலைக்காரரின் வழியினர் அல்லர் என்பது. இதை மறுக்கவேண்டியதில்லை. வடக்கின் மோலர்கள் பலர், பதினாறாம் நூற்றாண்டு முதல் எழுத்து வழக்கு மேல்நில ஜெர்மனுக்கு மாறியபோது முல்லர் ஆனார்கள். ஸ்லாவிய மொழி பேசிய குடும்பங்கள், ரூர் சுரங்கங்களுக்கு வந்த போலந்துக்காரர்கள் ஆகியோரிடையேயும் பெயரை ஜெர்மனாக்கிக்கொண்டவர்கள் உண்டு. இது அடுத்த கேள்விக்கு நம்மை அழைத்துச் செல்கிறது.

6. எழுத்துவடிவம் தந்த முதலிடம்

கொல்லரும் ஊருக்கு ஒருவர் என்றால், இங்கிலாந்தில் ஸ்மித் முதலிடம் பெற்றதுபோல ஜெர்மனியில் ஷ்மிட் ஏன் பெறவில்லை? விடை பெரும்பாலும் எழுத்தில் இருக்கிறது. ஷ்மிட் என்ற ஒரே ஒலிப்பை ஜெர்மானியர் மூன்று விதமாக எழுதுகிறார்கள். கொலோன் பகுதியில் அது ஷ்மிட்ஸ் ஆகிவிட்டது. போதாததற்குத் தொழில் கிளைத்தபோது பெயரும் கிளைத்தது: கத்திக் கொல்லர் மெஸ்ஸர்ஷ்மிட், பொற்கொல்லர் கோல்ட்ஷ்மிட், செம்புக் கொல்லர் குப்ஃபர்ஷ்மிட். இவற்றில் ஒலிப்பு ஒத்தவற்றையாவது ஒன்றாகக் கூட்டினால் முல்லரின் முதலிடம் ஆட்டம் காண்கிறது. மையருக்கும் நான்கு எழுத்துவடிவங்கள்; கூட்டினால் அது ஷ்னைடரை முந்திவிடும்.

வேறு தொழில்களில் சிதறல் இன்னும் பெரிது. வண்டி செய்பவர் தெற்கிலும் நடுவிலும் வாக்னர், வடமேற்கில் ராடெமாகர், வடகிழக்கில் ஸ்டெல்மாகர். பீப்பாய் செய்பவர் இடத்துக்கு ஏற்ப பொட்ஷர், ப்யூட்னர், பிண்டர், ஷெஃப்லர். குயவர் தெற்கில் ஹாஃப்னர், கிழக்கில் டோப்ஃபர், மேற்கில் ஆய்லர். காலணி செய்பவரோ ஷுமாகர், ஷுஸ்டர், ஷூமன், ஷூபர்ட். கார்ப் பந்தய வீரர் மைக்கேல் ஷுமாகரும் இசையமைப்பாளர்கள் ஷூமனும் ஷூபர்ட்டும் ஒரே தொழிலின் வட்டாரச் சொற்களைப் பெயராகத் தாங்கியவர்கள். வடக்கில் தையற்காரரைக் குறித்த ஷ்ரோடர் என்ற சொல் பின்னாளில் தொழிற்சொல்லாக மறைந்து, முன்னாள் பிரதமர் கெர்ஹார்ட் ஷ்ரோடர் போன்றோரின் பெயரில் மட்டும் பிழைத்திருக்கிறது.

ஆலைக்காரருக்கோ வடக்கிலிருந்து தெற்குவரை ஒரே வேர்ச்சொல். ரோமானியர் தந்த சொல்லோடு போட்டியிட வேறு வட்டாரச் சொல் பரவலாக நிற்கவில்லை. இருந்த ஒலி வேறுபாடுகளையும் எழுத்து வழக்கின் சீர்மை பெருமளவு கரைத்துவிட்டது. பிரஷ்யப் பொதுச் சட்டம் 1794 இல் பிறர் பெயரைத் தன்பெயராக வைத்துக்கொள்வதைக் கட்டுப்படுத்தியதும், 1876 இல் பேரரசு முழுவதும் குடிமைப் பதிவகங்கள் இயங்கத் தொடங்கியதும் அதுவரை சேர்ந்த பெயர்களை எழுத்தெழுத்தாக உறையவைத்தன. உக்ரைனில் இன்று முதலிடம் பெறும் குடும்பப்பெயர் மெல்னிக். அதன் பொருளும் ஆலைக்காரர்தான். ஊருக்கு ஒருவர் என்ற நிலையும் பரவலான ஒரே சொல்லும் கூடிய இன்னொரு மொழியில் அதே விளைவு தோன்றியிருப்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

7. வேறுபடுத்தாத பெயர்

தனி ஒருவரைச் சுட்டுவதற்காகப் பிறந்த சொல், ஊர்களின் எல்லை கரைந்து மக்கள் நகரங்களில் ஒன்றுகூடியதும் யாரையும் சுட்டாததாகியது. இந்த நெருக்கடியின் முதல் அடையாளங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரிகின்றன. 1848 இல் பிரஷ்ய தேசிய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஹெர்மன் ஷுல்ஸெ, அங்கிருந்த பிற ஷுல்ஸெக்களிடமிருந்து பிரித்தறியப்படத் தம் சொந்த ஊரைப் பெயரோடு சேர்த்துக்கொண்டு ஷுல்ஸெ டெலிட்ஷ் ஆனார். கூட்டுறவுக் கடன் இயக்கத்தின் முன்னோடியாக அவர் பெயர் பின்னர் சென்னை மாகாணம்வரை எட்டியது. 1890களில் ஃபிரெட்ரிக் நிக்கல்சன் இங்கே அரசுக்கு அளித்த அறிக்கை அவர் முறையையும் ஆராய்ந்தது. இடைக்காலத்தில் ஊருக்குள் ஒருவரைப் பிரித்துக் காட்டிய மணியக்காரர் என்ற பெயருக்கே இப்போது ஊர்ப்பெயரின் துணை வேண்டியிருந்தது.

மாக்ஸ் முல்லர் செய்ததும் இதுவே. வெறும் முல்லர் மிகப் பொதுவான பெயர் என்று கருதி, பிற்காலத்தில் மாக்ஸ் என்ற தம் இயற்பெயரையும் குடும்பப்பெயரின் பகுதியாக்கிக்கொண்டார். நாம் அவரை இன்றும் இரண்டு சொல்லையும் சேர்த்தே சொல்கிறோம். முல்லர் என்று தனித்துச் சொன்னால் தமிழில்கூட முழுமையாக இருப்பதில்லை.

ஆலைகள் இதற்கிடையில் மறைந்துகொண்டிருந்தன. நீராவியும் உருளை அரவை இயந்திரமும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஓடைக்கரை ஆலைகளைப் பின்னுக்குத் தள்ளின. மேற்கு ஜெர்மனி 1957 இல் ஆலைகளுக்கென்றே ஒரு சட்டம் இயற்றி, மிகையான அரவைத் திறனைக் குறைக்கவும் மூடப்படும் ஆலைகளுக்கு இழப்பீடு தரவும் வழிசெய்தது. தொழில் அருகியது, பெயர் அருகவில்லை. ஜெர்மானியச் சட்டம் பொதுவாகக் காரணமின்றிக் குடும்பப்பெயரை மாற்ற அனுமதிப்பதில்லை; முக்கியமான காரணம் ஒன்றைக் காட்டவேண்டும். எவை முக்கியமான காரணங்கள் என்று விளக்கும் 1980 ஆம் ஆண்டின் நிர்வாக விதி, தொகைப்பெயர் என்றொரு வகையை ஏற்கிறது: நாடெங்கும் மிகப் பலருக்கு இருப்பதால் ஒருவரை மற்றொருவரிடமிருந்து பிரித்துக் காட்டும் ஆற்றலை இழந்துவிட்ட பெயர். அத்தகைய பெயரைத் தாங்குபவர் அதை மாற்றக் கோரலாம். விதி காட்டும் எடுத்துக்காட்டுகளில் முல்லரும் ஒன்று.